துடுப்பு பிடித்தவர்கள் சொன்னதும் சொல்லாததும்: கனடாவின் கேனோ முகாம்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். பத்தொன்பது வயசுல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க? காலேஜ் கேன்டீன்ல உட்கார்ந்து டீ குடிச்சுட்டு, அரியர் எப்படி க்ளியர் பண்றதுன்னு யோசிச்சுட்டு இருந்திருப்பீங்க. நானும் அப்படித்தான்.

இப்போ இதை நினைச்சுப் பாருங்க. அதே பத்தொன்பது வயசுல உங்க கையில எட்டு, பத்து பிள்ளைகளை ஒப்படைக்கிறாங்க. பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பிள்ளைகள். நாலைந்து படகு, கொஞ்சம் மாவு, பன்றிக் கொழுப்பு, பருப்பு, கூடாரம், ஒரு வரைபடம். போன் கிடையாது. பக்கத்து ஊருக்குப் போக ரோடே கிடையாது. "மூணு வாரம் கழிச்சு எல்லாரையும் முழுசா கூட்டிட்டு வா"ன்னு சொல்லி அனுப்புறாங்க.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாக இது ஒரு வழக்கமான கோடை வேலை. அப்படி வேலை பார்த்தவர்கள் வயதான பிறகு எழுதிய நினைவுக் குறிப்புகள், முகாம் வரலாறுகள், பேட்டிகள் என்று நிறைய இருக்கின்றன. கொஞ்ச நாளாக அவற்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதுதான் இன்றைய எபிசோட்.

முதலில், கேனோ என்றால் என்ன?

நம்ம ஊர் தோணிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு முனையும் கூர்மையாக இருக்கும், மேலே திறந்திருக்கும், ஒற்றைத் துடுப்பால் தள்ளுவார்கள். கரீபியன் தீவுகளின் பூர்வகுடிகள் பேசிய சொல் ஸ்பானிஷ் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் 'கேனோ' ஆனது. நம்ம 'கட்டுமரம்' ஆங்கிலத்துக்குப் போன கதை மாதிரிதான்.

வட அமெரிக்கக் காடுகளில் இருந்த மக்கள் பூர்ச்ச மரத்தின் பட்டையை உரித்து, தேவதாரு மரத்தின் மெல்லிய விலா எலும்புகள் மேல் போர்த்தி, வேரால் தைத்து, பிசின் பூசிப் படகு கட்டினார்கள். கல் கிழித்தால் அதே காட்டிலேயே பட்டை எடுத்து ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். பிற்பாடு பட்டைக்குப் பதில் மரப்பலகை மேல் கேன்வாஸ் துணியை இழுத்துக் கட்டிச் சாயம் பூசிய படகுகள் வந்தன. முகாம்கள் எடுத்துக்கொண்டது இந்த வகையைத்தான். சில முகாம்களில் இன்றைக்கும் இதுதான்.

இந்தப் படகின் சிறப்பு, அதைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்பது. ஒன்டாரியோவின் வடக்கே போனால் ஏரி, பாறை, ஏரி, பாறை என்றே நிலம் போகும். ஒரு ஏரி முடிந்ததும் படகைத் தலைகீழாகத் தோளில் ஏற்றி அடுத்த ஏரி வரை நடக்க வேண்டும். இந்த நடைக்குப் 'போர்ட்டேஜ்' என்று பெயர். சாப்பாட்டுச் சாமான்கள் 'வானிகன்' என்ற மரப்பெட்டியில் இருக்கும். அதைத் தோளில் மாட்ட மாட்டார்கள். உச்சந்தலையையொட்டி ஒரு தோல் பட்டை போட்டு, பெட்டி முதுகில் தொங்க, கழுத்தால் சுமப்பார்கள். நம்ம ஊரில் சும்மாடு கட்டிச் சுமை தூக்கியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். எடையை எலும்பு தாங்கணும், சதை தாங்கக் கூடாது.

பழைய ஊழியர்களின் நினைவுகளில் முதல் இடம் இந்தச் சுமைக்குத்தான். எந்தப் போர்ட்டேஜில் சேறு முழங்கால் வரை இருந்தது, எங்கே கறுப்பு ஈக்கள் காதுக்குப் பின்னால் கடித்து ரத்தம் வந்தது, எத்தனை நாள் விடாமல் மழை பெய்தது. சொகுசான நாளை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

யார் ஆரம்பித்தது, எதற்கு?

1893-ல் கிரெக் கிளார்க் என்ற அமெரிக்க ஆசிரியர் மெய்ன் மாநிலத்தில் ஒரு முகாமைத் தொடங்கினார். அதுதான் கீவேடின். சுமார் பத்தாண்டுகளில் அது ஒன்டாரியோவின் டெமாகமி ஏரிக்கு இடம் மாறியது. டெவில்ஸ் ஐலண்ட், அதாவது பிசாசுத் தீவு, என்ற தீவில் இன்றும் நடக்கிறது.

அந்தக் காலகட்டத்தைக் கவனிங்க. ரயில், ஆலை, அலுவலகம், நெரிசலான நகரம். நடுத்தர, மேல்தட்டுப் பெற்றோருக்கு ஒரு பயம் வந்தது. "நம்ம பையன் மெத்தையிலயே வளர்றான், உடம்புல தெம்பு இல்ல, ஆம்பளையா வருவானா?" இதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்துதான் காடு. வருஷத்தில் பத்து மாதம் நகரம், இரண்டு மாதம் ஏரி. இன்று நாம் வார இறுதியில் கொல்லிமலைக்குப் போய் 'டீடாக்ஸ்' என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம் இல்லையா, அதற்குக் கொள்ளுத்தாத்தா இது.

1921-ல், கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் வேலை பார்த்த டெய்லர் ஸ்டாட்டன், அல்கோன்குவின் பூங்காவில் இருக்கும் கேனோ லேக் ஏரியில் 'அஹ்மீக்' என்ற ஆண்கள் முகாமைத் தொடங்கினார். 1924-ல் பெண்களுக்கு 'வாபோமியோ'. ஆனால் பெண்கள் அதற்கும் முன்பே அங்கே வந்துவிட்டார்கள். ஃபேனி கேஸ் என்ற அமெரிக்கப் பெண் 1906-ல் தொடங்கிய நார்த்வே முகாம் அதே பூங்காவில்தான் நடந்தது. பெண் பிள்ளைகள் நீளமான பாவாடையோடு வாழ்ந்த காலத்தில், அங்கே படகு தூக்கினார்கள், விறகு வெட்டினார்கள். அந்த முகாமில் பிள்ளையாக இருந்த எஸ்தர் கீசர், 1930-களில் அல்கோன்குவினில் காட்டு வழிகாட்டியாகவே தொழில் செய்தார். "பொண்ணுங்களுக்கு இது சரிவருமா?" என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கையே பதில்.

ஏக்கம் எப்படி ஒரு தொழில் ஆனது

முகாம் ஊழியர்களில் பெரும்பாலானோர் முன்னாள் முகாம் பிள்ளைகள். பத்து வயதில் பிள்ளையாக வந்து, பதினேழு வயதில் உதவியாளர், இருபதில் தலைவர். சம்பளம் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனாலும் திரும்பத் திரும்ப வருவார்கள். ஏனென்றால் இருபது வயதுக்காரரை நம்பி இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுக்கும் வேலை வேறு எங்கே இருக்கிறது? அதனால்தான் பின்னால் டாக்டர், வக்கீல் என்று ஆனவர்களும், வாழ்க்கையில் செய்த பெரிய வேலை என்று அந்த இரண்டு கோடையைச் சொல்கிறார்கள்.

இந்த ஏக்கம் பெரிய சக்தி. ஒரு உதாரணம் பாருங்க. 1936-ல் அல்கோன்குவினில் தொடங்கிய டமாக்வா முகாமில் ஓமர் ஸ்ட்ரிங்கர் என்ற வழிகாட்டி இருந்தார். ஒல்லியான மனிதர். கேனோவை ஒருபக்கமாகச் சாய்த்து, மண்டியிட்டு, ஒற்றை ஆளாக அதைத் தண்ணீரில் நடனம் ஆட வைப்பார். ஓடும் படகில் தலைகீழாக நிற்பார். அந்த முகாமில் வளர்ந்த மைக்கேல் பட்மன், டான் கிரீன் என்ற இரண்டு நண்பர்கள் 1973-ல் டொரன்டோவில் ஒரு கடை திறந்தார்கள். அதுதான் 'ரூட்ஸ்' என்ற துணி பிராண்ட். லோகோவில் ஒரு பீவர் இருக்கும், பார்த்திருப்பீங்க. அதே முகாமில் வளர்ந்த மைக் பைண்டர், பெரியவர்களான பிறகு பழைய முகாமுக்குத் திரும்பி வரும் நண்பர்களைப் பற்றி 1993-ல் 'இந்தியன் சம்மர்' என்று ஒரு படமே எடுத்தார். படப்பிடிப்பும் டமாக்வாவிலேயே. ஒரு முகாமின் நினைவு சட்டையாகவும் சினிமாவாகவும் விற்பனைக்கு வந்துவிட்டது!

இன்னொருவர் கர்க் விப்பர். 1957-ல் கண்டலோர் என்ற முகாமை வாங்கியவர். யாரோ பரிசாகக் கொடுத்த ஒரு பழைய மரக்குடைவுப் படகில் ஆரம்பித்து, படகுகளைச் சேர்த்துக்கொண்டே போனார். அந்தச் சேகரிப்புதான் 1997-ல் பீட்டர்பரோ நகரில் திறந்த கனடிய கேனோ அருங்காட்சியகத்தின் அஸ்திவாரம். இன்று 600-க்கும் மேற்பட்ட படகுகள் அங்கே இருக்கின்றன. 2024-ல் ஏரிக்கரையிலேயே புதுக் கட்டடத்துக்குக் குடிபோனது.

பிரதமர் பியர் ட்ரூடோ இளைஞராக இருந்தபோது, 1944-ல் கேனோ பயணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கேனோவை ஒரு துறவுப் பயிற்சி போல அதில் பேசினார். அவர் மகன் ஜஸ்டின் ட்ரூடோ அஹ்மீக் முகாமில் ஊழியராக வேலை பார்த்தவர். ஆக, கேனோ ஒரு தேசத்தின் அடையாளமாகவே மாறிவிட்டது.

இதுவரைக்கும் எல்லாம் அழகு. இனிமேதான் நம்ம கதை.

அந்த வழி யார் போட்டது?

டெமாகமியில் முகாம் பிள்ளைகள் போன போர்ட்டேஜ் பாதைகளை யார் வெட்டினார்கள்? 'யாரும் கால் வைக்காத காடு' என்று விளம்பரம் சொன்னது. கால் வைக்காத காட்டில் பாதை எப்படி இருக்கும்? யோசிச்சுப் பாருங்க.

அந்தப் பாதைகளின் பெயர் 'நஸ்தாவ்கன்'. டெமே-ஆகாமா அனிஷ்னாபாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து உருவாக்கிய வழிகள். கோடைக்குப் படகு வழி, குளிருக்குப் பனி வழி. இந்த ஏரியிலிருந்து அந்த ஏரிக்குப் போக எங்கே நடந்தால் குறைவு, எங்கே ஏற்றம் இல்லை என்பதெல்லாம் அவர்கள் கணக்கு. கிரெய்க் மெக்டொனால்ட் என்ற மாகாண அரசு ஊழியர் பல ஆண்டுகள் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து கேட்டு, 1985-ல் அந்தப் பாதைகளையும் பழைய பெயர்களையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவந்தார். அதைப் பார்த்தால், காலியாக இருந்ததாகச் சொன்ன காடு ஒரு டவுன் மாதிரி தெருவும் பெயருமாக நிறைந்திருக்கிறது.

கீவேடினின் ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ஊழியரும் ஒரு வழிகாட்டியும் இருப்பார்கள். வழிகாட்டிகளில் பலர் அதே ஏரியில் இருக்கும் பேர் ஐலண்ட் தீவு மக்கள். பையன்களுக்குப் படகு ஓட்ட, நெருப்பு மூட்ட, வானத்தைப் பார்த்து மழை சொல்லக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். வேலை கிடைத்தது, மரியாதையும் இருந்தது. ஆனால் சொந்த ஏரியில் அவர்களுக்குச் சட்டப்படி ஒரு பிடி நிலம் கிடையாது. 1850-ல் அரசு செய்த ராபின்சன்-ஹியூரான் ஒப்பந்தத்தில் தாங்கள் கையெழுத்துப் போடவில்லை என்பது அவர்கள் வாதம். 1901-ல் அரசு அந்தக் காட்டை 'ஒதுக்கப்பட்ட காடு' என்று அறிவித்தது. பேர் ஐலண்ட் அவர்களுக்கான நிலமாக முறைப்படி அறிவிக்கப்பட்டது 1971-ல்தான்.

இன்னொரு பக்கம், பல முகாம்களில் இரவில் 'கவுன்சில் ரிங்' நடக்கும். நெருப்பைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, தலையில் இறகு வைத்து, முகத்தில் சாயம் பூசி, நகரத்துப் பிள்ளைகள் 'இந்தியர்' வேஷம் போடுவார்கள். எர்னஸ்ட் தாம்ப்சன் சீட்டன் என்ற எழுத்தாளர் பரப்பிய வழக்கம் இது. முகாம் வாசலில் டோட்டம் கம்பம் நட்டார்கள். அது ஒன்டாரியோ வழக்கமே இல்லை, பசிபிக் கடற்கரை மக்களுடையது. பொங்கலுக்குப் பஞ்சாபி பாங்க்ரா ஆடிவிட்டு 'இதுதான் தமிழர் மரபு' என்று சொல்வது போல.

இப்போ தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வைங்க. அஹ்மீக் தொடங்கியது 1921. அதற்கு முந்தின வருஷம், 1920-ல், கனடா அரசு சட்டத்தைத் திருத்தி, பூர்வகுடிப் பிள்ளைகளை அரசு-தேவாலய உறைவிடப் பள்ளிகளுக்குக் கட்டாயமாக அனுப்ப வழி செய்தது. அங்கே அவர்கள் தாய்மொழியைப் பேசினால் தண்டனை. அவர்களுடைய சடங்குகள் சிலவற்றுக்கு 1951 வரை சட்டத் தடை. 1927-லிருந்து 1951 வரை நிலவழக்குக்காகப் பணம் திரட்டுவதே குற்றம். அதாவது, வெள்ளைக்காரப் பிள்ளை வேஷம் போட்டால் அது பண்பு வளர்ச்சி. அந்த வேஷத்துக்குச் சொந்தக்காரப் பிள்ளை தன் பாட்டி மொழியில் பேசினால் அடி.

அந்த நெருப்பைச் சுற்றி உட்கார்ந்த பத்து வயதுப் பிள்ளைகளை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் எழுபது வயதில் அதே இரவை எழுதும்போது, "எவ்வளவு மாயமான இரவு" என்று மட்டும் எழுதினால், பாதிக் கதை போய்விடுகிறது.

தண்ணீர் எடுத்துக்கொண்டவர்கள்

சொல்லாமல் விட்ட இன்னொன்று, இறந்த பிள்ளைகள்.

1926 ஜூலை. ஒன்டாரியோவின் பால்சம் ஏரி. தேவாலய அமைப்பு ஒன்று நடத்திய முகாமிலிருந்து 15 பேர் ஒரே பெரிய கேனோவில் கிளம்பினார்கள். படகு கவிழ்ந்தது. 11 பேர் இறந்தார்கள்.

1978 ஜூன் 11. டிமிஸ்கமிங் ஏரி, ஒன்டாரியோவுக்கும் கியூபெக்குக்கும் எல்லையில் நீளமாகக் கிடக்கும் ஏரி. ஒன்டாரியோவின் செயின்ட் ஜான்ஸ் பள்ளியிலிருந்து 27 மாணவர்களும் 4 தலைவர்களும் வந்தார்கள். இது முகாம் இல்லை, பள்ளி. ஆனால் அதே நம்பிக்கையில் நடந்த பள்ளி: கஷ்டம்தான் பையனை மனிதனாக்கும். நாலு பெரிய கேனோ. ஜேம்ஸ் விரிகுடா வரை போகத் திட்டம். முதல் நாளே காற்று வலுத்தது. ஒரு படகு கட்டுப்பாடு இழந்து கவிழ்ந்தது. காப்பாற்றப் போன படகுகளும் கவிழ்ந்தன. கடைசியில் நாலும் தண்ணீரில். எல்லாரும் உயிர்காப்பு அங்கி போட்டிருந்தார்கள். மூழ்கவில்லை. ஜூன் மாதத்திலும் அந்த ஏரி ஐஸ் மாதிரி இருக்கும். உடம்பின் சூடு இறங்கி இறங்கி, 12 சிறுவர்களும் ஒரு ஆசிரியரும் இறந்தார்கள்.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது, விபத்துக்குப் பிறகு நடந்தது. பிள்ளையை இழந்த பெற்றோர்களிலேயே பலர் பள்ளியின் பக்கம் நின்றார்கள். 'பையனை உருவாக்கும் கஷ்டம்' என்ற கதை அவ்வளவு பலமானது. அதைக் கேள்வி கேட்டால், தன் பிள்ளை எதற்காகச் செத்தான் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியை எதிர்கொள்வது எளிதா? நாம் வெளியிலிருந்து தீர்ப்பு சொல்ல முடியாது.

ஆனால் முகாம் நினைவுகளைப் படிக்கும்போது ஒன்று தெரிகிறது. "அன்னைக்கு மயிரிழையில தப்பிச்சோம்" என்ற கதை எல்லாரிடமும் இருக்கிறது. சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பெரிய ஏரி, மதியக் காற்று, சாயங்காலத்துக்குள் அக்கரை போகணும் என்ற அவசரம். டிமிஸ்கமிங்கில் நடந்ததும் இதே கதைதான். அங்கே தப்பிக்கவில்லை, அவ்வளவுதான். தப்பித்தவர்கள் மட்டும் கதை சொல்வதால், ஆபத்து எப்பவும் சிரிப்பில் முடிவது போல நமக்குத் தோன்றுகிறது.

நினைவை வேலை வாங்கியவர்கள்

இங்கேதான் எனக்குப் பிடித்த ஆட்கள் வருகிறார்கள். ஏக்கத்தோடு நிற்காமல், அந்த நினைவைக் கிளறிப் பார்த்தவர்கள்.

ஜேம்ஸ் ராஃபன், கேனோ உலகத்தின் உள்ளே இருப்பவர், பிற்பாடு கேனோ அருங்காட்சியகத்தின் இயக்குநராகவும் இருந்தவர். அவர்தான் டிமிஸ்கமிங் விபத்தை எடுத்து, உயிர் பிழைத்தவர்களிடம் பேசி, 2002-ல் 'டீப் வாட்டர்ஸ்' என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார். தன் வீட்டுக் கதையில் இருக்கும் ஓட்டையைத் தானே காட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

பிரையன் பேக், கீவேடினில் வேலை பார்த்தவர். 1983-ல் முகாமின் வரலாற்றை எழுதினார். சில வருஷங்களில் அதே காட்டில் மரம் வெட்ட 'ரெட் ஸ்குவிரல்' என்ற ரோடு போட அரசு கிளம்பியபோது, எதிர்ப்பு இயக்கத்தை முன்னின்று நடத்தினார். வானபிடேய் முகாமை நடத்திய புரூஸ் ஹாட்ஜின்ஸ் ஒரு வரலாற்றுப் பேராசிரியர். டெமாகமியின் வரலாற்றை, அனிஷ்னாபாய் மக்களின் நிலவழக்கையும் சேர்த்து, 1989-ல் இன்னொருவரோடு சேர்ந்து புத்தகமாகப் போட்டார். பழைய முகாம் ஆட்கள் வரைபடம், குறிப்பு, நினைவு எல்லாவற்றையும் ஆயுதமாக எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

ஆனால் அந்தப் போராட்டத்திலும் ஒரு முடிச்சு இருந்தது. 1973-லேயே தலைவர் கேரி பாட்ஸ் சுமார் பத்தாயிரம் சதுர கிலோமீட்டர் நிலத்தின் மேல் சட்டப்படி உரிமை எச்சரிக்கை பதிவு செய்திருந்தார். 1988-ல் டெமே-ஆகாமா அனிஷ்னாபாய் மக்கள் அந்த ரோட்டை மறித்தார்கள். 1989-ல் காட்டுப் பாதுகாப்பு இயக்கத்தினர் மறித்தார்கள். அப்போது கைதானவர்களில் ஒருவர் எதிர்க்கட்சித் தலைவர் பாப் ரே. அடுத்த வருஷமே அவர் மாகாணத்தின் முதல்வர். இரண்டு மறியலும் ஒரே ரோட்டுக்கு எதிராகத்தான். ஆனால் ஒரு கூட்டத்துக்கு அது காப்பாற்ற வேண்டிய காடு. இன்னொரு கூட்டத்துக்கு அது வீடு. காடு என்று சொன்னால் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுப் பூங்கா அமைக்கலாம். வீடு என்று சொன்னால் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கணும். 1991-ல் உச்ச நீதிமன்றம் நில உரிமை இல்லை என்று அந்த மக்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் அரசு தன் கடமைகளை அவர்களுக்குச் செய்யவில்லை என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது.

நமக்கு என்ன?

சரி, இதை ஏன் நாம பேசணும்? நம்ம வீட்டிலயும் நினைவு சொல்ற ஆட்கள் இருக்காங்க. என்.சி.சி. முகாம், சாரணர் முகாம், ஹாஸ்டல், எஸ்டேட் வேலை. "அந்தக் காலம் மாதிரி வருமா"ன்னு ஆரம்பிப்பாங்க. தடுக்காதீங்க, முழுசா கேளுங்க. அந்த சந்தோஷம் பொய் இல்லை. பத்தொன்பது வயசுல பத்து பிள்ளைகளைப் பத்திரமா கரை சேர்த்தவருக்குப் பெருமைப்பட எல்லா உரிமையும் உண்டு.

கேட்டு முடிச்சதும் ரெண்டு கேள்வி போடுங்க. "அங்க சமைச்சது யாரு, வழி காட்டினது யாரு, அவங்க பேரு ஞாபகம் இருக்கா?" அப்புறம், "திரும்பி வராதவங்க யாராவது இருக்காங்களா?" கொஞ்ச நேரம் பேச்சு நிக்கும். அப்புறம் அவங்க சொல்றதை ரெக்கார்ட் பண்ணி வைங்க. கனடாவில் அந்தக் கேள்விகளைக் கேட்க ஆள் வந்த பிறகுதான் கேனோவின் கதை சுவரில் மாட்டும் படமாக இல்லாமல் வரலாறாக மாறியது.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, முகாம் கதை சொல்லியே உங்களைப் போரடிக்கிற அந்த ஒரு சித்தப்பாவுக்கு அனுப்புங்க. அவர் பதில் அனுப்பினா எனக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.